தாமிரபரணிக் கரையின் தொழில்முனைவோர்: வளர்ச்சியும் வீழ்ச்சியும் காட்டும் பாடங்கள்

தொழில்முனைவோர் ஒருவரின் வாழ்க்கையிலிருந்து பிறர் கற்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, வெளிவரும் நூல்களில் பெரும்பாலானவை வென்றவர்களிடமே விடை கேட்கின்றன. துணிவு, விடாமுயற்சி, பெரிய கனவு என்று விடையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. தோற்றவர்களுக்கும் இவையெல்லாம் இருந்தனவா என்று அந்நூல்கள் கேட்பதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நூற்றாண்டுக்குள் இங்கிருந்து புறப்பட்டவர்களில் பேருந்து ஓட்டியவர், சிமெண்ட் ஆலை வைத்தவர், வெள்ளையர் கம்பெனியைக் கைக்கொண்டவர், கணினி செய்தவர், கப்பல் விட்டு நொடித்தவர் என எல்லா வகையினரும் உண்டு. மண் ஒன்று, முடிவுகள் வேறு என்பதால் ஒருவரோடு ஒருவரை வைத்துப் பார்க்க வழியிருக்கிறது.

நன்செயும் தேரியும்

பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. மற்ற ஏழும் பழையவை. இது மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. இதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும். கால்வாய்த் தண்ணீர் எட்டாத தெற்கிலும் கிழக்கிலும் செம்மணல் தேரி, பனை, உடை மரம், அதற்கப்பால் உப்பளம்.

தொழிலுக்குப் போனவர்களின் வழி இந்த நில அமைப்பைப் பொறுத்தே இரண்டாகப் பிரிந்தது. கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி போன்ற நன்செய் ஊர்களின் பிராமணக் குடும்பங்கள் வட்டிக்கடை, சட்டப் படிப்பு, கணக்கு உத்தியோகம் வழியாக நகரங்களுக்குப் போயின. தேரிக்காட்டு நாடார் குடும்பங்கள் பனைவெல்லம், கருவாடு, பலசரக்கு வழியாகப் போயின. முதல் வழியில் போனவர்களுக்கு ஆங்கிலமும் அறிமுகங்களும் துணை. இரண்டாம் வழியில் போனவர்களுக்கு உறவினர் கடைதான் துணை. தனிமனித முயற்சி என்று பின்னாளில் எழுதப்பட்ட கதைகள் பலவற்றுக்கும் அடியில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் முயற்சியை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவினார்கள். தூத்துக்குடிக் கோரல் மில்லும் அவர்களுடையதுதான். ஆற்றின் மேல்முனையில் விசை, கீழ்முனையில் துறைமுகம், நடுவில் ஆள்பலம் என்று இந்தப் பள்ளத்தாக்கை முழுசாக ஒரு தொழில் நிலமாக முதலில் பார்த்தவர்கள் அவர்களே.

கடைப் பையன் காலம்

பலசரக்குக் கடையில் பையனாகச் சேர்பவன் முதலில் தொடுவது தராசை அல்ல, காகிதத்தை. பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கூம்பாக மடித்துப் பொட்டலம் கட்டப் பழகவேண்டும். நூல் அறாமல், பருப்பு சிந்தாமல். அடுத்தது சரக்கின் இடம், பிறகு எடை. வாடிக்கையாளர் கேட்பதற்குள் விலை சொல்லும் பழக்கம் அதற்கும் பிறகு. கொள்முதலுக்கு முதலாளியோடு சந்தைக்குப் போவது சில ஆண்டுகள் கழித்துத்தான். சென்னையில் கடை வைத்தவர்களுக்கு 1996இல் கோயம்பேடு வரும்வரை கொத்தவால் சாவடிதான் அந்தப் பள்ளி. கடைசியாகக் கிடைப்பது கல்லாவில் உட்காரும் உரிமை. யாருக்குக் கடன் தரலாம், யாருக்குக் கூடாது என்ற அறிவு அந்த இருக்கையில்தான் வாய்க்கும். அதன்பிறகு உறவினரோ முதலாளியோ கைகொடுக்க, வேறொரு தெருவில் புதுக் கடை. தமிழகமெங்கும் ‘அண்ணாச்சி கடை’ பெருகியது இப்படித்தான்.

இந்த முறையின் கடுமையையும் மறைக்க வேண்டியதில்லை. பள்ளியை விட்டுவிட்டு வந்த சிறுவர்கள் கடையிலேயே தூங்கி, சம்பளத்தைக் கையில் பார்க்காமலே வளர்ந்தார்கள். நாளுக்குப் பதினான்கு மணி நேர உழைப்பைத் தொழிற்கல்வி என்று பெயரிட்டுப் பாராட்டிவிட முடியாது. ஆனால் பிறர் பணத்தில், பிறர் நஷ்டத்தில் தொழிலைப் பழகிய பின்னரே சொந்தப் பணத்தைப் போடுவது என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

படித்தவர்களின் கதைகளிலும் அதே ஒழுங்கு தென்படுகிறது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் சட்டத்தில் தொடங்கி, ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்த பிறகே 1911இல் மதுரையைத் தளமாகக் கொண்டு சொந்தத் தொழிலுக்கு வந்தார். தஞ்சாவூர், புதுக்கோட்டை இடையே அவர் விட்ட பேருந்து நேரம் தவறாமைக்குப் பேர் பெற்றது. மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைக் கிழிப்பதைத் தடுக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டினார் என்று சொல்வார்கள். நேரம் தவறாமை என்பது ரயில்வேக்காரரின் குணம். புகைவண்டி நேரத்தை மண் சாலைக்குக் கொண்டுவந்ததே அவர் செய்த புதுமை என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓடும்படி கலன் செய்து விற்றது அவரது நிறுவனம். பேருந்து ஓட்டுவது, வண்டி விற்பது, பழுது பார்ப்பது, டயர் புதுப்பிப்பது, பிறகு உதிரிபாகம் செய்வது என ஒன்றன் தேவையிலிருந்து அடுத்ததற்குப் போனார்களே தவிர, தெரியாத தொழிலுக்குத் தாவவில்லை.

ஆழ்வார்குறிச்சியில் 1905இல் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கணக்குத் துறையில் தேர்ந்து 1930களில் சென்னை சிம்சன் கம்பெனிக்குள் நுழைந்தவர், சில ஆண்டுகளில் இயக்குநராகி, அந்த வெள்ளையர் நிறுவனத்தையே இந்தியர் கைக்குக் கொண்டுவந்தார். பிறகு அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் அடிசன், ஹிக்கின்பாதம்ஸ் எனப் பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இந்தியா பிஸ்டன்ஸ், டாஃபே டிராக்டர் என்று புதியனவும் எழுந்தன. ஒரு நிறுவனத்தைத் தொடங்குவதுதான் தொழில்முனைவு என்ற எண்ணத்துக்கு இவர் வாழ்க்கை இடம் தரவில்லை. இருக்கும் நிறுவனத்தின் ஏட்டை அதன் சொந்தக்காரரைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்ததும் ஒருவகை முதல்தான்.

திருச்செந்தூர்ப் பகுதியின் மூலைப்பொழியில் 1945இல் பிறந்த சிவ் நாடார் கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல் படித்து, புனேயிலும் பிறகு டெல்லி டி.சி.எம். நிறுவனத்திலும் வேலை பார்த்தார். நண்பர்களோடு வெளியேறியபோது உடனே கணினியில் இறங்கவில்லை. மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றுக் கையில் காசு சேர்த்த பிறகே, 1976இல் சுமார் 1,87,000 ரூபாய் முதலில் எச்.சி.எல். தோன்றியது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனதும் சந்தை திறந்தது. அந்த வாய்ப்பை யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் அது வந்த அன்று தயாராக நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

ஒரு கம்பெனியின் வீழ்ச்சி

இவர்கள் எல்லோரையும்விட அதிகம் கற்பிப்பது தோற்றுப்போன ஒரு நிறுவனம்: தூத்துக்குடி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி.

ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை வழக்கறிஞர். 1900 வாக்கில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்த அவர் கண்முன் இருந்த கணக்கு எளிமையானது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் ஓயாமல் போகின்றன. போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருக்கிறது. வணிகர்களுக்கு அதன்மீது மனக்குறை இருக்கிறது. 1906 அக்டோபர் 16 அன்று கம்பெனி பதிவானது. முதல் 10 லட்சம் ரூபாய், பங்கு 40,000, பங்கொன்றுக்கு 25 ரூபாய். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது மொத்த முதலில் ஐந்தில் ஒரு பங்கை, வாங்கினார்.

25 ரூபாய் பங்கு என்பது யோசித்து வைத்த தொகை. பெரும் பணக்காரர் சிலரை மட்டும் நம்பாமல், தமிழ்நாட்டு நடுத்தர வணிகர்களை உள்ளே இழுக்கும் ஏற்பாடு அது. தேச உணர்வைப் பங்குச் சான்றிதழாக மாற்றியதில் வ.உ.சி.க்கு முன்னோடி அதிகமில்லை. இந்த அளவில் பார்த்தால் முதல் திரட்டுவதில் அவர் தோற்கவில்லை.

சிக்கல் கப்பலில் வந்தது. முதலில் பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்த கப்பல்கள், எதிர்க் கம்பெனியின் நெருக்கடியால் திரும்பப் பெறப்பட்டன. பிறர் கப்பலை நம்பிச் சேவை நடத்த முடியாது என்று தெரிந்ததும் அவரே பம்பாய் சென்றார். கப்பலோடுதான் திரும்புவேன் என்று சூளுரைத்துப் போனதாக இன்றும் சொல்கிறார்கள். 1907இல் காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. அதன் பிறகு விலைப்போர். கொழும்புக்குக் கட்டணம் ஒரு ரூபாய் என்று பிரிட்டிஷ் இந்தியா இறக்க, சுதேசி எட்டணா என்றது. எதிர்த்தரப்பு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே குடையும் கொடுத்தது.

இந்தக் குடைக் கதை பெரும்பாலும் வெள்ளையரின் வஞ்சகத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படுகிறது. தொழில் நோக்கில் அது வேறொன்றையும் காட்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை உலகெங்கும் ஓட்டிய நிறுவனத்துக்குத் தூத்துக்குடி–கொழும்பு நஷ்டம் ஒரு ஓரக் கணக்கு. இரண்டே கப்பல் உள்ள கம்பெனிக்கு அதுதான் முழு வருமானம். கட்டணத்தை எட்டணாவாக இறக்கிய அன்றே, எதிரி தேர்ந்த களத்தில் சண்டை போட சுதேசி ஒப்புக்கொண்டுவிட்டது. மக்கள் ஆதரவு பயணிகளைக் கொண்டுவந்தது. எட்டணாவுக்கு நிலக்கரி வாங்க அது போதவில்லை.

இரண்டாவது சிக்கல் நிறுவனம் ஒரே ஆளின்மேல் நின்றது. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. தலைமை ஏற்றார், கூலி உயர்வும் விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12 அன்று கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. லாபம் எதிர்பார்த்த பங்குதாரர்களுக்கும் அரசியலைக் கைவிட மறுத்த நிறுவனருக்கும் இடையே கைதுக்கு முன்பே உரசல் இருந்தது. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில் கம்பெனி தேய்ந்தது, 1911க்குள் கலைந்தது. எந்தக் கம்பெனியை எதிர்க்கக் கப்பல் வாங்கப்பட்டதோ அதற்கே கப்பல் விற்கப்பட்டது.

இதை வ.உ.சி.யின் குறையாகச் சொல்வது நியாயமாகாது. ஆட்சியாளரே போட்டியாளரின் பக்கம் நின்ற போட்டி அது. சுகாதார, சுங்க அதிகாரிகள் வரை சுதேசிக்குத் தடை போட்டார்கள். எனினும் ஒப்பிட இரண்டு நிகழ்வுகள் உண்டு. 1884 வாக்கில் வங்காளத்தில் குல்னா–பாரிசால் தடத்தில் நீராவிப் படகு விட்ட ஜோதிரிந்திரநாத் தாகூர், பிளோட்டில்லா கம்பெனியோடு இதேபோல் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடனாளியானார். அந்தக் கதை தூத்துக்குடியில் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. மறுபக்கம், 1919இல் வால்சந்த் ஹீராசந்த் முதலியோர் பம்பாயில் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனி 1923இல் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் இஞ்ச்கேப் பிரபு தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டது. தன் வளர்ச்சிக்குத் தானே எல்லை போட்டுக்கொண்ட கசப்பான ஒப்பந்தம் அது. ஆனால் சிந்தியா பிழைத்தது. பணிந்து பிழைப்பதா, நிமிர்ந்து அழிவதா என்பது தொழில் இலக்கணத்துக்குள் மட்டும் விடை காணும் கேள்வியல்ல. வ.உ.சி.யின் நோக்கம் கப்பல் மட்டுமல்ல என்பதால், சிந்தியாவின் வழி அவருக்குத் திறந்திருந்தது என்று சொல்லவும் முடியாது.

ஆளின் வளர்ச்சி

கம்பெனி அழிந்த ஆண்டுகளில்தான் அந்த மனிதரின் எழுத்து வளர்ந்தது. தன்னம்பிக்கை நூல்கள் என்று இன்று கடைகளில் தனி அடுக்கு இருக்கிறது. தமிழில் அந்த வகையைத் தொடங்கிவைத்தவர்களுள் வ.உ.சி. ஒருவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆலன் எழுதிய சிறு நூல்களை அவர் ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’ என்ற பெயர்களில் தமிழாக்கினார். எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்பது ஆலனின் கொள்கை. கப்பலையும் உரிமையையும் வழக்கறிஞர் சன்னதையும் இழந்த ஒருவர் அதை மொழிபெயர்த்தார் என்பதை நினைக்கும்போது, நூலின் எளிமையான நம்பிக்கை சற்றுக் கனம் கூடித் தெரிகிறது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்தார், அதுவும் ஓடவில்லை. கப்பல் கம்பெனி நடத்தியவர் மளிகைக் கடையில் தோற்றதை இழிவாகச் சொல்வதற்கில்லை. கடைப் பையன் காலம் அவருக்கு வாய்த்ததில்லை. பங்கு விற்பதும் பருப்பு விற்பதும் ஒரே திறமை அல்ல. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், தன் வரலாற்றைச் செய்யுளாகவே பாடினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் இறந்தபோது அவரிடம் சொத்தென்று பெரிதாக எதுவும் இல்லை. நிறுவனத்தின் ஏட்டையும் ஆளின் ஏட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுவது தொழில்முனைவோர் வரலாறுகளில் வழக்கமாகிவிட்டது. இவர் விஷயத்தில் அப்படிக் கூட்டினால் விடை தவறாகவே வரும். ஆனாலும் 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்துக்குப் பிறகு பொது நினைவில் நின்றது செக்குதான். பதிப்பாசிரியரும் பங்கு திரட்டியவரும் பின்னால் போய்விட்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது

சுதேசிக் கம்பெனி கலைந்து பத்தாண்டு கழித்து, 1921 மே மாதம், அதே தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவானது. ஊர்தோறும் வணிகர்கள் விற்பனையில் சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பள்ளியும் பேட்டையும் நடத்திய பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதன் நீட்சியாகவே வங்கியைக் காணலாம். 1962இல் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. இன்றும் தலைமையகம் தூத்துக்குடிதான். ஆர்ப்பாட்டத்தில் திரண்ட பணம் கரைந்தது, மகமையில் சேர்ந்த பணம் நின்றது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முழுப் பொய்யில்லை. மகமைக்காரர்கள் அரசோடு மோதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கல்லிடைக்குறிச்சியின் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர் வட்டித்தொழில் குடும்பத்துப் பின்னணியோடு 1946இல் இந்தியா சிமெண்ட்ஸை நிறுவினார். 1949இல் தாழையூத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. கூட நின்றவர் டி.எஸ். நாராயணசாமி. காலடியில் சுண்ணாம்புக்கல், பக்கத்தில் ரயில், புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் கட்டுமானத் தேவை என்று மூன்றும் சேர்ந்த இடம் அது.

திரும்பி வரும் பாதை

ஒரு நூற்றாண்டாக வெளியே போன பாதை அண்மையில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஸ்ரீதர் வேம்பு இந்த மண்ணில் பிறந்தவரல்லர், தஞ்சைப் பக்கத்தவர். சென்னை ஐ.ஐ.டி., பிரின்ஸ்டன் எனப் படித்து, 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி ஜோஹோவாக வளர்ந்த நிறுவனத்தின் அலுவலகம் ஒன்றைத் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக்குக் கொண்டுவந்தார். 2019இல் தானும் அங்கேயே குடியேறினார். பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் கற்பிக்கும் ஜோஹோ பள்ளி, பட்டம் கேட்காமல் ஆளை எடுக்கிறது. உள்ளூரில் தெரிந்த பழைய கடைப் பையன் முறையின் சம்பளமுள்ள, தூங்க வீட்டுக்குப் போகும் வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

ஸ்ரீவைகுண்டத்தில் நிலைமை வேறு. குமரகுருபரர் பெயரில் கலைக் கல்லூரி இருக்கிறது. அந்தக் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து காசிக்குப் போய், அங்கே மடம் நிறுவியவர்; போன ஊரின் மொழியைக் கற்றே காரியத்தைச் சாதித்தார் என்பது மரபு. கல்லூரியில் படித்து வெளிவருவோர் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோதான் பேருந்து ஏறுகிறார்கள். ஊரைச் சுற்றி வாழைத்தார் வணிகம் பெரிது. ஆனால் தாராகவே லாரி ஏறுகிறது, பொருளாக மாறுவது குறைவு. அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நீர் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டது. அதற்கு உதிரிபாகம் செய்ய உள்ளூர்ப் பட்டறைகள் எழுந்தால், சுந்தரம் ஐயங்கார் குடும்பம் மதுரையில் நடந்த வழி இங்கே மறுபடி திறக்கும்.

சான்றுகளின் எல்லை

மேலே சொன்னவற்றுக்கு ஒரு பெரிய குறை உண்டு. இதில் வரும் பெயர்களெல்லாம் ஆண்கள். ஏட்டில் கணக்கெழுதிய, பனைவெல்லம் காய்ச்சிய, கணவர் சென்னையில் கடை வைக்க நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் எந்த நிறுவன வரலாற்றிலும் பங்குதாரராகப் பதிவாகவில்லை. கடை நொடித்து ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை. அதனால் ‘பொறுமையாகத் தொழில் பழகியவர்கள் வென்றார்கள்’ என்ற முடிவையும் எச்சரிக்கையோடுதான் ஏற்கவேண்டும். பொறுமையாகப் பழகித் தோற்றவர்கள் சான்றுக்குள் வரவே இல்லை.

சுதேசிக் கம்பெனி விதிவிலக்கானதற்குக் காரணம், அதைக் கண்காணித்த அரசு எல்லாவற்றையும் எழுதி வைத்தது. ரகசிய அறிக்கைகள், நீதிமன்ற ஏடுகள், பத்திரிகைச் செய்திகள் என்று அத்தனையும் எஞ்சியதால்தான் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற வரலாற்றாசிரியர்களால் ஒரு நொடித்த கம்பெனியின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுத முடிந்தது. அதே காலத்தில் தூத்துக்குடிக் கடைத்தெருவில் தொடங்கி மூடப்பட்ட மற்ற நிறுவனங்களை யாரும் கண்காணிக்கவில்லை.